பச்சையும் பசுமையும்

பசுமைப் பட்டாசு பச்சையாக எரியாது. சிவகாசியில் இதைச் சொல்லி யாரும் சிரிப்பதில்லை. பச்சை ஒளியைத் தருவது பேரியம். அதை விலக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2018-ல் ஆணையிட்டது. 2021-ல் மறுபடியும் வலியுறுத்தியது. 2023 செப்டம்பரில், பசுமைப் பட்டாசுக்குள்ளும் அதைச் சேர்க்க அனுமதி மறுத்தது. சரவெடிக்கும் 2018-லேயே தடை. நாக்பூர் நீரி ஆய்வகத்தின் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் கலவைகள் 2019-ல் வந்தன. நுண்தூசி முப்பது சதவீதமாவது குறையும் என்பது விஞ்ஞானிகள் கணக்கு. இருக்கட்டும்.

ஓர் இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறையில், எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த பௌதிகக் கருத்தரங்கில் போய் உட்கார்ந்தேன். நீடித்த பொருட்கள், திண்மநிலை பௌதிகம், இத்யாதி. ஆங்கில இலக்கியம் படித்த குமாஸ்தாவுக்கு அங்கே என்ன வேலை என்றார் நண்பர். வார்த்தைகள் எங்கே உற்பத்தியாகின்றன என்று பார்ப்பதும் விமர்சகனின் வேலைதான்.

துகளின் விட்டம் பாதியானால் அதே எடைக்கு மேற்பரப்பு இரட்டிப்பாகும். எதிர்வினை வேகம் பிடிக்கும் என்றார் ஒருவர், திரையில் வரைபடத்தைக் காட்டி. எனக்கு இது கவுண்டரில் அறிமுகமான சேதி. பணம் எடுக்கும் சீட்டுகளில் சில சமயம் வெள்ளி நிறத்தில் விரல் தடம் இருக்கும். அலுமினியப் பொடி. கழுவிய பிறகும் ரேகைக்குள் தங்கிவிடும் அளவுக்கு மெல்லிசு. முப்பது வருஷம் மணிமருந்து உருட்டிய என் மாமா சொல்வார்: "நைஸ் பொடின்னா பயந்து தொடணும் மாப்ளே. மிச்ச மருந்த ராத்திரி வைக்கவே கூடாது. ஈரம் பட்டா அதுவா சூடேறும்." அலுமினியமும் நைட்ரேட்டும் ஈரத்தில் சேர்ந்தால் வெப்பம் பெருகும் என்பது ரசாயனம். மாமாவுக்கு அது கூட வேலை பார்த்தவர்களின் சாவு வழியாகத் தெரிந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கருகினார்கள்.

'நீடித்த' என்ற சொல் அன்று மாலை வரை ஓயவில்லை. காற்று நீடிப்பது பற்றிப் பேசினார்கள், மண் நீடிப்பது பற்றிப் பேசினார்கள். மருந்தறையில் உட்காரும் உடம்பு எத்தனை காலம் நீடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. டெல்லியில் மூச்சுத் திணறும் குழந்தையின் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் அந்தக் குழந்தைக்குப் பிரபந்தங்களில் இடம் கிடைத்துவிட்டது. (நம் விமர்சனத்திலும் இதே சங்கதிதான். 'அமைப்பு' என்று எழுதிவிட்டால் கவிதையைப் படிக்க வேண்டியதில்லை என்று ஒரு நம்பிக்கை.)

தேநீர் நேரத்தில், சாத்தூர்ப் பக்கத்து ஆராய்ச்சி மாணவன் ஒருவனிடம் பேரியத்தின் மேல் ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டேன். பேரியம் நைட்ரேட் ஈரம் இழுக்காது, அதற்கு மாற்றான ஸ்ட்ரான்ஷியம் உப்பு இழுக்கும், தீபாவளியோ ஐப்பசி மழையில் வருகிறது என்றான். அவன் அம்மா கருந்திரி சுற்றியவள். இதையெல்லாம் தமிழில், மருந்தறைக்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதித் தர முடியுமா என்றேன். அழைப்பிதழின் பின்பக்கத்தில் அங்கேயே ஆரம்பித்தவன், இரண்டாவது வரியில் நின்றான். மேற்பரப்பு கூடிய பொடி என்பதை அங்கே எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டான்.

நைஸ் பொடி என்றேன். எழுதிக்கொண்டான்.