சூளகிரியும் ஒரு குடம் தண்ணீரும்

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் பிரயாணம் செய்த நேயர்கள் பலர் சூளகிரி என்ற பெயரைச் சாலையோரப் பலகையில் படித்திருப்பார்கள். படித்து முடிப்பதற்குள் வண்டி அப்பால் போயிருக்கும். நாமும் எத்தனையோ வருஷங்களாக அவ்விதமே அவ்வூரைக் கடந்து போய்க்கொண்டிருந்தோம். நம்முடன் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் இப்போது அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தலைமை ஆசிரியராக இருக்கிறார். "ஒரு தடவையாவது இறங்கிப் பாருங்கள். பார்ப்பதற்கு மலையும் உண்டு, யோசிப்பதற்கு விஷயமும் உண்டு" என்று அவர் எழுதியிருந்தார். எங்கள் ஊர்த் திருவிழாவை முன்னிட்டுப் பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. பெங்களூரில் ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு, அங்கிருந்து பஸ் ஏறினோம்.

அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜுவாடிக்கு வந்தால் ராஜ்யம் மாறிவிடுகிறது. கடைப் பலகைகளில் கன்னட எழுத்துப் போய்த் தமிழ் எழுத்து வருகிறது. மாறுவது அவ்வளவுதான். மண் அதே செம்மண். வயலில் அதே ராகி. பஸ்ஸில் நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பத்தில் பாட்டி தெலுங்கில் கேட்டாள். மகன் கன்னடத்தில் பதில் சொன்னான். பேத்தி தமிழில் சிரித்தாள்! எல்லைக்கோடு அவர்களுடைய ஆசனத்தின் நடுவே போயிற்று. அவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஓசூருக்குக் கிழக்கே சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில் சூளகிரி இருக்கிறது. ஊருக்கு மேலே கரும்பாறை மலை சூலாயுதத்தின் முனைகளைப் போல் பிளந்து நிற்கிறது. அதனால்தான் சூலகிரி என்ற பெயர் ஏற்பட்டுச் சூளகிரியாக மருவிற்று என்பது ஊரார் கூற்று. மலைச் சாரலில் வரதராஜப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். அடிவாரத்திலோ கொத்தமல்லிக் கட்டுகளின் வாசனை மூக்கைத் துளைக்கிறது. விடியற்காலையில் கொத்தமல்லியும் புதினாவும் தக்காளியும் லாரி லாரியாக இரு ராஜ்யங்களுக்கும் புறப்படுகின்றன.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பக்கம் ஆங்கிலேயர் வசமாகிச் சேலம் ஜில்லாவுடன் சேர்ந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இந்தச் சீமையில்தான் இருக்கிறது. 1956-ல் பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது இது சென்னை ராஜ்யத்திலேயே நின்றது. 1965-ல் தருமபுரி ஜில்லாவாகவும், 2004-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவாகவும் பெயர் மாறிற்று. ஜில்லாக்கள் மாறின, தண்ணீர்க் கஷ்டம் மட்டும் வெகு காலம் மாறவில்லை.

பல்லும் தண்ணீரும்

நண்பருடைய பள்ளிக்கூடத்துக்குப் போனோம். உபாத்தியாயர் எங்கே போனாலும் முதலில் பார்ப்பது பிள்ளைகளின் முகத்தைத்தான். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நம்மைக் கண்டு சிரித்தார்கள். எல்லாம் வெள்ளை வெளேரென்ற பற்கள். "இதில் என்ன அதிசயம்?" என்றோம். நண்பர் பேசாமல் நம்மைப் பள்ளிக்கு எதிர்வீட்டுத் திண்ணைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு மூதாட்டி கொத்தமல்லியைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பற்களில் மஞ்சளும் பழுப்புமாய்க் கறை படிந்து, சில இடங்களில் குழியும் விழுந்திருந்தது.

"வெத்திலை போட்டுக் கறை பிடிச்சுதுன்னு நினைக்காதீங்க, வாத்தியாரய்யா. இது கிணத்துத் தண்ணி போட்ட கறை. எங்க பேரன் பல்லைப் பார்த்தீங்களா? அரிசி மாதிரி இருக்கும்" என்றாள் அவள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு என்னும் உப்பு மிகுதி. பாறையிலிருந்து கசிந்து வரும் இந்த உப்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் தீங்கு தொடங்குகிறது. பல் உருவாகும் சிறு பிராயத்தில் அந்த நீரைக் குடித்தால் கறை படிகிறது. அது பிறகு ஆயுள் முழுவதும் போவதில்லை. வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு கூனிப்போகும். கொதிக்க வைத்தாலும் இது போகாது. துணியில் வடிகட்டினாலும் போகாது. இந்தியாவில் இந்நோயை முதன்முதலில் கண்டு எழுதியது 1937-ல். இடம், அக்காலத்துச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லா. நோய் தெரிந்தது, ஆனால் மருந்து இல்லை. வேறு தண்ணீர் கொடுப்பது ஒரு வழி.

அந்த வேறு தண்ணீர் ஒகேனக்கலிலிருந்து வருகிறது. அது வந்த வரலாற்றைக் கேட்டால் நேயர்கள் வியப்படைவார்கள். குடகு மலையில் பிறந்து, கர்நாடகத்தை நனைத்து, இரு ராஜ்யங்களுக்கும் எல்லையாக ஓடும் காவேரி ஒகேனக்கலில் விழுகிறது. 1998-ல் டில்லியில் இரு ராஜ்யத்து அதிகாரிகளும் கூடினார்கள். பெங்களூரின் குடிநீர்த் திட்டத்துக்குத் தமிழ்நாடு குறுக்கே நிற்பதில்லை, ஒகேனக்கலில் ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. எடுப்பதற்குக் கர்நாடகம் குறுக்கே நிற்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பணத்துக்கு ஜப்பான் சர்க்கார் கடன் கொடுக்க முன்வந்தது. கடல்களுக்கு அப்பாலுள்ள ஒரு தீவு தேசத்தின் பொதுப் பணம் நம் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்ற வந்தது! இலவசமாக அல்ல, கடன்தான், திருப்பித் தரவேண்டும். ஆயினும் தக்க சமயத்தில் வந்த கடன்.

2008-ல் அடிக்கல் நாட்டியதும் எல்லையின் இருபுறமும் கிளர்ச்சி மூண்டது, பஸ்கள் நின்றன, சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வேலை சிறிது காலம் தள்ளிப்போயிற்று. ஆனால் நின்றுபோகவில்லை. ஏன்? 1998-ல் எழுதிய காகிதம் இருந்தது. அதைச் செயலாக்கப் பணமும் இருந்தது. 1,928 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் முடிந்து, 2013 மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. பள்ளத்தில் ஓடும் ஆற்று நீரைச் சுத்திகரித்து, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரமுள்ள ஓசூர் மேட்டுக்கு இறைத்து ஏற்றுகிறார்கள். அன்று நாம் பார்த்த நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் 2013-க்குப் பிறகு பிறந்தவர்கள்.

வகுப்பில் நண்பர், "நாம் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். "குழாயிலிருந்து!" என்றான் ஒரு பையன். "ஒகேனக்கலிலிருந்து" என்று திருத்தினாள் ஒரு பெண். பின்வரிசையிலிருந்து இன்னொரு சிறுமி எழுந்து, "மேலே இருக்கிறவங்க ஒரு நாள் அடைச்சுட்டா என்ன பண்றது, சார்?" என்று கேட்டாள். நண்பர் பதில் சொல்லுமுன் ஒரு பையன், "எங்க மாமா அங்கேதான் இருக்காரு. அடைக்க மாட்டாரு!" என்றான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிறுமியின் கேள்வி நம்மை விடவில்லை.

நுரை பொங்கும் ஆறு

மறுநாள் நண்பர் நம்மை ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு அழைத்துச் சென்றார். அங்கே வருவது காவேரி அல்ல, தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூர்ப் பக்கமாக இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூருக்கு அருகே கடலில் கலக்கும் ஆறு. கிருஷ்ணகிரி அணையைக் காமராஜர் திறந்து வைத்தது 1957-ல். நம் முன்னோர் கங்கைக்கு நிகராகக் கொண்டாடிய நதிகளில் இதுவும் ஒன்று.

மதகிலிருந்து விழுந்த நீரில் சோப்பு நுரை போல் வெண்ணுரை பொங்கிக் காற்றில் பறந்தது. நாற்றம் சகிக்கவில்லை. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் கழிவு நீர் வழிந்து இந்த ஆற்றில்தான் கலக்கிறது. பழியெல்லாம் மேற்கே இருப்பவர்களுடையது என்று சொல்லிவிட்டு நாம் கை கழுவிவிட முடியாது. ஓசூரில் 1970-களில் தொடங்கிய தொழிற்பேட்டை இன்று பெரு நகரமாகிவிட்டது. நம் ராஜ்யத்துச் சாக்கடைகளும் தாழ்வான இடத்தை நோக்கித்தான் ஓடுகின்றன.

இந்த ஆற்றைப் பற்றிய ஒப்பந்தம் புதிதல்ல. 1892-ல் மைசூர் சமஸ்தானமும் சென்னை ராஜதானியும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பெண்ணையின் பெயரும் உண்டு. கீழே இருப்பவரைக் கேளாமல் மேலே புதிய அணை கட்டலாகாது என்பது அதன் சாரம். ஆயினும் இதன் உபநதியான மார்க்கண்டேய நதியில் கோலார் ஜில்லாவில் கட்டிய அணையைப் பற்றி 2018-ல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. பழைய காகிதம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பாரும் நம்பும் பொதுவான அளவுகோல் இல்லை. பொதுவான நிதி இல்லை. மாதத்துக்கு ஒரு முறை கூடிப் பேசும் சபையும் இல்லை. எனவே காகிதம் வக்கீல்களுக்கு மட்டும் பயன்படுகிறது.

தீவுகள் சொல்லும் பாடம்

அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து, "அண்டை அயலார் சேர்ந்து காரியம் செய்வது உலகத்தில் எங்கேயுமே இல்லையா?" என்று நண்பரைக் கேட்டோம். அவர் பூகோள ஆசிரியர். உள்ளே போய்த் தேசப்படப் புத்தகத்தை எடுத்து வந்து இந்து மகா சமுத்திரத்தைத் திறந்தார்.

அங்கே மொரீஷியஸ், ரியூனியன் முதலிய தீவுகள் இருக்கின்றன. கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற நம் தமிழ் மக்களின் சந்ததியார் இவ்விரண்டிலும் வாழ்கிறார்கள். ஒன்று சுதந்திர நாடு. மற்றொன்று பிரான்ஸைச் சேர்ந்தது. பணத்திலும் பாஷையிலும் ஏற்றத்தாழ்வு மிகுதி. ஆயினும் மொரீஷியஸ், மடகாஸ்கர், செஷல்ஸ் மூன்றும் 1982-ல் பேசித் தொடங்கி, 1984-ல் விக்டோரியா நகரில் உடன்படிக்கை செய்து, இந்து மகா சமுத்திரக் கமிஷன் என்ற சபையை அமைத்தன. பிறகு கொமோரோஸும், ரியூனியனுக்காகப் பிரான்ஸும் சேர்ந்தன. ஐரோப்பிய யூனியன் எல்லைப்புற ஒத்துழைப்புக்கென்று 1990 முதல் 'இன்டர்ரெக்' என்னும் பொது நிதித் திட்டத்தை நடத்தி வருகிறது. அந்த நிதி ரியூனியன் மூலமாக அண்டைத் தீவுகளோடு செய்யும் வேலைகளுக்கும் கிடைக்கிறது.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். 2005–2006-ல் சிக்குன்குன்யா காய்ச்சல் அத்தீவுகளில் பரவிற்று. ரியூனியனில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் படுத்த படுக்கையானார். அதே காய்ச்சல் 2006-ல் தென்னிந்தியாவில் வீட்டுக்கு வீடு மூட்டுவலியைக் கொடுத்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். கொசுவுக்கு எல்லைச் சாவடி ஏது? ஒரு தீவில் நோய் தலைகாட்டியதும் மற்றத் தீவுகளுக்கு உடனே செய்தி போகவேண்டும் என்று கண்டு, 2009-ல் பொதுச் செலவில் ஒரு நோய்க் கண்காணிப்பு வலையை ஏற்படுத்தினார்கள். நோய் வந்த பிறகு ஒருவரை ஒருவர் குறை கூறுவதைவிட இது மலிவான காரியமல்லவா?

நமக்கு இன்னும் அருகில் பாக் நீரிணை இருக்கிறது. அங்கே மீன்பிடித் தகராறு தீர்ந்தபாடில்லை. ஆயினும் 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் ஓடத் தொடங்கிற்று. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் தொடர்ந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் உண்டாக்க இந்திய சர்க்கார் மானியம் அளிக்க, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்த வேலையை ஏற்றது ஒரு பெங்களூர்க் கம்பெனி! கன்னட நாட்டிலிருந்து புறப்பட்டு ஈழத் தமிழர் வீட்டில் விளக்கேற்றப் போகிறவர்கள் இருக்கும்போது, பெண்ணையாற்றின் இருகரையாரும் ஒரு மேஜையில் உட்காரக்கூடாதா?

ஒரே வருஷத்து இரண்டு சட்டங்கள்

உட்கார வைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1956-ல் பார்லிமெண்டு இரண்டு சட்டங்களைச் செய்தது. ஒன்று, ராஜ்யங்களுக்கிடையே நதிநீர்த் தகராறு வந்தால் தீர்ப்பதற்கு. மற்றொன்று, தகராறு வருமுன்பே நதிக்கு ஒரு வாரியம் அமைத்துக் கூட்டாகத் திட்டமிடுவதற்கு. முதற் சட்டத்தின் கீழ் காவேரி, கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை என்று வரிசையாக நடுவர் மன்றங்கள் வந்தன. இரண்டாவது சட்டத்தின் கீழ் இதுவரை ஒரு வாரியமும் அமைக்கப்படவில்லை! சண்டைக்கான சட்டம் ஓய்வின்றி உழைக்கிறது. சமாதானத்துக்கான சட்டம் அலமாரியில் உறங்குகிறது.

கூட்டு வாரியம் நம் தேசத்தில் நடவாத காரியமும் அல்ல. வேறொரு சட்டத்தின்படி 1953-ல் அமைந்த துங்கபத்திரை வாரியம் இரு ராஜ்யங்களின் பணத்தில் இன்றும் நடந்துவருகிறது. பெண்ணைக்கும் அப்படி ஒன்று வேண்டும். நந்தி மலை முதல் கடலூர் வரை ஒரே அளவுகோல். கழிவு நீரைச் சுத்திகரிக்க இரு சர்க்கார்களும் மத்திய சர்க்காரும் போடும் ஒரு பொது நிதி. கணக்கை இருபுறத்து ஜனங்களும் பார்க்கும்படி வெளியிடும் ஏற்பாடு. வேண்டுவது இவ்வளவுதான்.

புறப்படும்போது எதிர்வீட்டு மூதாட்டி நமக்கு ஒரு செம்பு குழாய்த் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு பஸ் ஏறினோம். சூளகிரி மலை வெகு தூரம் நம்முடன் வந்தது. பின்வரிசைச் சிறுமி கேட்ட கேள்விக்கு, "எங்க மாமா அடைக்க மாட்டாரு" என்று அந்தப் பையன் சொன்ன பதிலைக் காட்டிலும் உறுதியான பதில் ஒன்றை இரு ராஜ்யத்துப் பெரியவர்களும் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கவேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே பணத்தையும் வைக்கவேண்டும். அதுவரையில் அந்தச் சிறுமியின் கேள்வி நம் ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டதாகவே இருக்கும்.