கிழக்கேகோட்டை டு கன்னியாகுமரி: ஒரு கேமராவும் மூணு நாள் லீவும்

2024 ஜனவரி 26 வெள்ளிக்கிழமை. மறுநாள் நாலாவது சனிக்கிழமை. அதற்கடுத்தது ஞாயிறு. பேங்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய லாட்டரி கிடையாது. (கேரளாவில் உட்கார்ந்துகொண்டு லாட்டரியை உதாரணம் சொல்லாமல் எப்படி!) மற்றவர்களுக்கு லீவு வரும், நாங்கள் மாசத்தில் எத்தனையாவது சனி என்று எண்ணிப் பார்க்கணும். புதுக் காலண்டர் கைக்கு வந்த அன்றே இந்த மூணு நாளையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்துவிட்டேன்.

நமக்குச் சொந்த ஊர் கரூருங்க. காவிரி தெரியும், அமராவதி தெரியும், கடல் தெரியாது. பி.காம் முடித்து பேங்க்கில் சேர்ந்து நாக்பூர், புவனேஸ்வர் என்று சுற்றிவிட்டு 2019-ல் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தோம். வீடு கிழக்கேகோட்டையில். பழவங்காடி பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்ச் சத்தத்தில்தான் காலையில் முழிப்பே வரும். சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசி மளிகை வாங்கிவிடலாம். ஆனாலும் வெளியூர் வெளியூர்தான்.

கன்னியாகுமரி இங்கிருந்து ஹைவேயில் தொண்ணூறு கிலோமீட்டருக்குள்தான். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். நான் ஹைவே வேண்டாம், கடலோரமாகவே ஊர் ஊராய் நிறுத்தி நிறுத்திப் போகலாம் என்றேன். தங்கமணி ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. போட்டோவுக்காக ஓரிடத்தில் கால்மணி நேரத்துக்கு மேல் வண்டி நிற்கக் கூடாது. அது முதல் நாளே உடைந்தது, உடைத்தது நானில்லை.

கேமரா பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடற்கரை தென்மேற்கைப் பார்த்துக் கிடக்கிறது. காலையில் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருந்து கடல்மேல் விழும். தண்ணீர் நல்ல நீலமாக, படகின் பெயின்ட் பளிச்சென்று வரும். சாயங்காலம் சூரியன் நேரே லென்ஸுக்குள் வந்துவிடும். நிழலுருவம் எடுக்க மட்டும்தான் ஆகும். மழைக்காலத்தில் வராதீர்கள், கடல் ரோட்டுக்கே வந்து நலம் விசாரிக்கும். டிசம்பர், ஜனவரி உத்தமம்.

முதல் நிறுத்தம் விழிஞ்ஞம். 1972-ல் கட்டின சிவப்பு வெள்ளை லைட்ஹவுஸ், எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில், மீன்பிடித் துறைமுகம், ஒரு பக்கம் பள்ளிவாசல், மறுபக்கம் மாதா கோயில், எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்தில். இந்தப் பக்கம் சீனாவிலிருந்து வந்து இறங்கியிருந்த ராட்சத கிரேன்கள். புதுத் துறைமுகத்துக்கு முதல் சரக்குக் கப்பல் வந்தது அந்த வருஷம் ஜூலையில். முறைப்படி திறந்தது 2025 மே 2-ல். நான் எடுத்த படத்தில் கிரேன்கள் வேலையில்லாமல் சும்மா நிற்கின்றன. அப்படி ஒரு படம் இனி யாருக்கும் கிடைக்காது என்பதில் கொஞ்சம் கர்வம் உண்டு, ஹி ஹி.

பூவாறில் நெய்யாறு கடலில் சேருகிற இடத்தைத்தான் எல்லோரும் எடுத்திருக்கிறார்களே என்று நான் தாண்டி வந்துவிட்டேன். பொழியூர் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. கடை போர்டில் எழுத்து மாறுகிறது, அவ்வளவுதான். அதே மணல், அதே கட்டுமரம், அதே மாதிரி கோபுரம் வைத்த கோயில்கள், பேச்சும் முக்கால்வாசி அதேதான். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளாவில் நின்றது. இது அந்தக் கோடு.

தூத்தூர் பக்கத்து ஊர் ஒன்றில் வண்டியை நிறுத்தினேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆழ்கடலில் சுறா பிடிக்கிறதில் பேர் போனவர்கள் இந்தப் பகுதி ஆட்கள். பெரும்பாலும் கொச்சியிலிருந்து படகேறினால் ஒரு மாசம், அதற்கு மேலும் ஆகும் திரும்ப. கரையில் காய்ந்துகொண்டிருந்த வலையை எடுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வயசு இருக்கும் ஒருவர் வந்தார்.

"சார், பேப்பருக்கு எடுக்கியளா?"

"இல்லீங்க, சும்மா எனக்குத்தான்."

"அப்பம் எனக்கு ஒண்ணு எடுத்துத் தருவியளா? நல்லா பெருசா. சட்டம் போடணும்."

எடுக்கிறேன் என்றதும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முன்னறையில் மாலை போட்டு, சின்ன பல்பு எரிய, ஒரு படம். அவருடைய தம்பி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் போனவர். உடம்பு கிடைக்கவில்லை. இரண்டு மாநிலத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் போன புயல் அது. தம்பியின் நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லாததால் வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிசு பண்ணியிருக்கிறார்கள். முகம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு கண் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

"ஆளு இப்பிடி இல்ல சார். சிரிச்ச மொகம்," என்றார்.

எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனை ஆயிரம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என் மேஜையைத் தாண்டியிருக்கும்! "ரெண்டு காப்பி ஒட்டுங்க, காது தெரியணும்" என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. காணாமல் போன வாடிக்கையாளரின் கணக்கை முடிப்பது எங்கள் தொழிலில் தனி அத்தியாயம். ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். சின்னத் தொகை என்றால் எஃப்.ஐ.ஆர்., கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கை, பொறுப்பேற்புக் கடிதம், இவை போதும் என்று பேங்க்குகள் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். 2008-ல் ரிசர்வ் பேங்க் சொன்னது. ஒக்கியில் ஏழு வருஷம் காத்திருக்காமல் அரசுகள் நிவாரணம் கொடுத்தன, நல்லது. ஆனால் எந்த ஃபாரத்திலும் சிரிச்ச முகத்துக்குக் கட்டம் கிடையாது.

வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். உச்சி வெயில். கோயில் சுவரின் நிழல் பக்கம் நிற்க வைத்தேன். முன்னால் கிடந்த வெள்ளை மணலே வெளிச்சத்தைத் தூக்கி முகத்தில் போட்டது, ஸ்டூடியோவில்கூட அப்படிக் கிடைக்காது. ஐம்பது எம்.எம். லென்ஸ். ஆனால் மனுஷன் அசல் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரியே விறைத்துக்கொண்டு நின்றார். இவர்களெல்லாம் கேமரா முன்னால் நின்றதே ஏதாவது மனுவுக்காகத்தானே. கடைசியாக எத்தனை கிலோ சுறா வந்தது என்று கேட்டேன். அவ்வளவுதான், கை ரெண்டும் விரிந்தது, முகம் திறந்தது. டக்கென்று நாலு கிளிக்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் வரிசை நிற்கிறது! பதினோரு பேர். தங்கமணியின் கால்மணி நேரம் இரண்டரை மணி நேரமானது. அவங்களே முன்னால் நின்று பெண்களுக்குத் தலை வாரி, குழந்தைகளுக்கு மூக்கு துடைத்து விட்டுக்கொண்டிருந்தாங்க.

ஒன்பதாவது படிக்கிற மகள் நோட்டில் பெயரும் அடையாளமும் எழுதினாள், மலையாளத்தில். அஞ்சாம் வகுப்பிலிருந்து இங்கே படிப்பதால் அதுதான் கைக்கு வேகமாக வருகிறது. எட்டிப் பார்த்த ஒரு பாட்டி, "எங்க பேரைத் தமிழ்ல எழுது மக்ளே" என்றார். பெரிய 'ற'-வா சின்ன 'ர'-வா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினாள். வீட்டில் நான் எழுதச் சொன்னால் ஆயிரம் சாக்கு வரும்.

மற்ற இரண்டு நாளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளச்சலில் 1741-ல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரை ஜெயித்ததற்கு ஒரு தூண். மணவாளக்குறிச்சியில் கறுப்பு மணல். கயிறோடு ஒட்டிக்கொண்டு போன மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடித்தார். முட்டத்தில் 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த பாறைகள், நம்ம வயசுக்காரர்கள் பெருமூச்சு விட ஏற்ற இடம். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர். கண்ணாடிப் பாலம் அப்போது இல்லை, அந்த வருஷக் கடைசியில்தான் திறந்தார்கள். சூரிய அஸ்தமனம் நாற்பது ஷாட் எடுத்தேன். எல்லாம் காலண்டர் மாதிரி அழகாகத்தான் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் கிழக்கேகோட்டை ஸ்டூடியோவில் பதினோரு பேருக்கும் எட்டுக்குப் பன்னிரண்டில் பிரின்ட் போட்டேன். பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை நேரிலேயே கொண்டு போனோம். முதலில் கேட்டவர் இல்லை. கொச்சியில் படகேறிவிட்டார். அவர் மனைவி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பீரோவைத் திறந்து துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

"மாட்டலீங்களா?" என்றாள் என் மகள்.

"ஆளு கடல்ல கெடக்கும்போ படத்தைச் செவுத்துல மாட்டப்பிடாது மக்ளே. ஈஸ்டருக்கு வருவாரு. அவரே ஆணி அடிக்கட்டும்."

ஈஸ்டர் முடிந்த வாரம் போன் வந்தது. வந்துவிட்டாராம், மாட்டிவிட்டாராம், ஊரே பார்த்ததாம். ஒரே ஒரு குறை. தலை இவ்வளவு நரைத்திருப்பது கண்ணாடியில் தெரியவே இல்லையே, கம்ப்யூட்டரில் கொஞ்சம் கறுப்பாக்க முடியாதா என்று கேட்டார். மகள் உட்கார்ந்து கறுப்பாக்கினாள், மீசையை மட்டும் விட்டுவிட்டு. அதையும் பிரின்ட் போட்டுத் தபாலில் அனுப்பினோம்.