குரல் நடந்த வழி

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை வளைந்து வளைந்து செல்வது. ஒவ்வொரு வளைவிலும் சமவெளியின் வெம்மை சிறிது சிறிதாகக் குறையும். ரிங்லெட்டைத் தாண்டியதும், சீப்பால் வாரிவிட்டாற்போன்ற தேயிலை வரிசைகள் குன்றுகளின்மேல் தென்படத் தொடங்கும். 1929ஆம் ஆண்டில் 'போ' தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டபோது இங்கே இருந்தது பெருங்காடு. அக்காட்டைத் திருத்திக் கன்று நட்டு, அந்தக் கன்று செடியானபின் கொழுந்து கிள்ளி வாழ்ந்தவருள் தமிழர் பலர்.

மலைச்சரிவில் கூடை சுமந்து நின்ற பெண்ணுக்கு வள்ளியின் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. வள்ளியும் மலையில் நின்று வேலை செய்தவள்தான். தினைப்புனத்தில் பரண்மேல் ஏறிக் கிளியும் குருவியும் ஓட்டியவள். வெயிலையும் பனியையும் தோளில் தாங்கியவள். மலாயாத் தோட்டங்களில் கோயில் திருவிழாவை ஒட்டி நாடகம் போடுவது வழக்கமாக இருந்தது. பகலில் வெட்டுக்கத்தியும் கூடையும் பிடித்த கைகளே இரவில் வேலும் வில்லும் பிடித்தன. சமவெளித் தோட்டத்தில் 'வள்ளி திருமணம்' நடத்துவோர் மலை எழுதிய திரையைத் தேட வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் அத்திரைக்கும் தேவையில்லை. மேடைக்குப் பின்னால் மலையே நின்றது.

அந்நாளில் தமிழ் வழங்கிய நாடுகளிலெல்லாம், நாடகம் பாடுவோர்க்கு அளவுகோலாக நின்ற பெயர்கள் இரண்டு. ஒன்று எஸ். ஜி. கிட்டப்பா, மற்றொன்று கே. பி. சுந்தராம்பாள். இருவர் குரலும் இசைத்தட்டில் ஏறி, அவர்கள் கால் படாத ஊர்களுக்கும் சென்றன. குரல் போய்ச் சேர்ந்த இடங்களைப் பலர் அறிவர். அக்குரல் நடந்துவந்த வழியை அறிந்தவர் சிலரே. பாட்டைக் கேட்கும்போது பாதையை எண்ணிப்பார்ப்பவர் யார்?

தமிழ் நாடகத்திற்குப் புத்துயிர் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியில் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'நல்லதங்காள்' என அவர் எழுதிய நாடகங்கள் பாட்டாலேயே நடந்தவை. அவர் காலத்தில் சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கிய குழுக்கள் எழுந்தன; 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் அவற்றை அழைத்தனர். 1918இல் மதுரையில் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு அமைந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், சின்னஞ்சிறு வயதில் சேர்ந்தவர் தி. க. சண்முகம். பின்னாளில் ஔவை சண்முகம் என்று புகழ்பெற்ற அவர், 1972இல் வெளியிட்ட 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலில் அந்த வாழ்வை விரித்துரைத்தார்.

அது ஊர்விட்டு ஊர் செல்லும் வாழ்வு. ஓர் ஊரில் கொட்டகை அமைத்துச் சில வாரங்கள் ஆடுவர். வசூல் குறையத் தொடங்கியதும் திரைச்சீலைகளைச் சுருட்டி, உடுப்புப் பெட்டிகளையும் ஆர்மோனியத்தையும் வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் புறப்படுவர். தங்குமிடத்திற்குக் 'கம்பெனி வீடு' என்று பெயர். பெயரில்தான் வீடு, தாய் இல்லாத வீடு அது. அங்கே படித்த பாடம் மனப்பாடம், விளையாட்டு ஒத்திகை. பத்து வயதுப் பையன் இரவெல்லாம் அரசியாக நின்று அழுதுவிட்டு, விடிந்தபின் முகத்தின் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு உறங்கப் போவான். பதினான்கு, பதினைந்து வயதில் தொண்டை உடையும். 'மகரக்கட்டு' என்று அதைச் சொல்வர். அன்றோடு அவனுடைய பெண்வேடம் முடிந்தது. புதிய குரல் இனிமையாக அமைந்தால் வாழ்வு. இல்லையேல் திரை இழுக்கும் வேலை, அல்லது ஊர் திரும்பும் வழி.

வளர்ந்தவர்களுக்கு 'ஸ்பெஷல் நாடகம்' இருந்தது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும் வருவர். பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்வர். ஒத்திகை கிடையாது. அன்று மாலைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். ஆயினும் நாடகம் பிழையின்றி நடக்கும். ஏனெனில், கதையும் பாட்டும் எல்லார் நெஞ்சிலும் இருந்தன. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கிழக்கு வெளுக்கும்வரை பாட்டு. அந்நாளில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். பாடகரின் முதல் அவருடைய நெஞ்சுக்கூடு ஒன்றே.

அந்த முதலை வாரி வாரிச் செலவழித்தவர் கிட்டப்பா. 1906இல் செங்கோட்டையில் வறிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் அண்ணன்மாரோடு நாடக மேடைக்குச் சென்றார். கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது. எட்டாத சுருதியில் அவர் பாடும்போது, சங்கீத வித்துவான்களும் கொட்டகைக்கு வந்து கேட்டனர். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்து அவருக்குத் துணைநின்றார்.

சுந்தராம்பாளின் வழி இன்னும் கரடுமுரடானது. 1908இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். தந்தையற்ற வறுமையில், ஓடும் புகைவண்டியில் பாடிக் காசு பெற்ற சிறுமி அவர். அந்தப் பாட்டே அவரை வேலு நாயர் நாடகக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 'நல்லதங்காள்' நாடகத்தில், பசியால் துடிக்கும் மூத்த மகனாக அவர் மேடையேறினார். பசியை நடித்துக் காட்ட யாரும் அவருக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. வழிப்பயணம் அவர் வாழ்வில் தொழிலுக்குப்பின் வந்ததன்று. புகைவண்டியே அவருடைய முதல் மேடை.

தென்னாட்டு நாடகக் குழுக்கள் கடல் கடந்தும் சென்றன. இலங்கை, பர்மா, மலாயா என்று தமிழர் உழைக்கப் போன இடங்களுக்கெல்லாம் நாடகமும் பின்சென்றது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடிவரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பின் மீண்டும் இரயில் எனக் கொழும்புப் பயணம் எளிதாயிற்று. அதே வழியில்தான் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளரும் சென்றனர். வங்கக் கடலைக் கடந்து பினாங்கில் இறங்கியவர்களின் கதையும் வேறன்று.

இங்கே எண்ணிப்பார்க்கத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. தோட்டத் தொழிலாளியை ஊரிலிருந்து அழைத்துச் சென்றவர் கங்காணி. நாடகக்காரரை அழைத்துச் சென்றவர் காண்டிராக்டர். இருவரும் கையில் முன்பணம் கொடுத்தனர். முன்பணம் வாங்கியவனுக்குப் பின்வாங்கும் உரிமை குறைவு. காய்ச்சல் என்றாலும் கொழுந்து காத்திராது. தொண்டை கட்டினாலும் கொட்டகைக் கூட்டம் காத்திராது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடைசெய்தது. கங்காணியின் காலம் அதனோடு மங்கியது. நாடகப் பாடகரின் முன்பணத்தைத் தடுக்க எந்த அரசும் முன்வரவில்லை. அது கலை என்று பெயர்பெற்றிருந்ததால், அதன் துன்பமும் கலையாகவே கருதப்பட்டது போலும்!

கொழும்பில் நாடகம் ஆடச் சென்ற இடத்தில்தான் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒருவரையொருவர் அறிந்தனர். மேடையில் ஒரு குரலை மற்றொரு குரல் துரத்திற்று. எந்தக் குரல் வெல்லும் என்று காணவே கூட்டம் திரண்டது. வேலனும் வள்ளியுமாக வாதிட்டவர்கள் வாழ்விலும் இணைந்தனர். 1927இல் அவர்கள் மணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மேடைக் கதையில் முருகனுக்குத் தெய்வானை இருக்க வள்ளியும் வந்தாள். கதையில் இது மங்களமாக முடியும். வாழ்க்கையில் அவ்வாறு முடியவில்லை.

வழியில் அமைந்த இல்லறம் வழியிலேயே தளர்ந்தது. பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. ஒரே மேடையில் இணைந்து பாடியவர்கள் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே பாடும் நாள் வந்தது. சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. கொட்டகையின் கைதட்டலை அவற்றில் தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பது காத்திருத்தல். ஆயிரம்பேர் கேட்கப் பாடியவர், ஒருவருடைய மறுமொழிக்காகக் காத்திருந்தார்.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அப்போது அவருக்கு வயது 27. ஆறு வயதளவில் மேடையேறியவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடி முடித்திருந்தார். தமிழில் பேசும்படம் 1931இலேயே வந்துவிட்டது. ஆயினும் அவர் உருவம் அதில் பதியவில்லை. எஞ்சியவை இசைத்தட்டுகளே. அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். விடிய விடியப் பாடிய ஒருவரின் வாழ்வில், உலகம் சேமித்து வைத்துக்கொண்டது அந்த மூன்று நிமிடங்களைத்தான். மற்ற இரவுகள் எல்லாம் வழியோடு போயின.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அவர் வெள்ளாடை பூண்டார். எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார். 1935இல் 'நந்தனார்' படத்தில் அவரே நந்தனாராக ஆண்வேடம் ஏற்றதும், 1953இல் ஔவையாராக நடித்ததும், அந்த உறுதிக்கு இசைந்தே அமைந்தன. 'நந்தனார்' படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். புகைவண்டியில் காசுக்குப் பாடிய சிறுமி அடைந்த உயரம் அது. ஆனால், அந்த இலட்சம் வாங்கித்தர முடியாத ஒன்று, அவர் தம் இருபத்தைந்தாம் வயதில் வழியில் இழந்த வாழ்வு. 1980இல் அவர் மறையும்வரை வெள்ளாடை மாறவில்லை.

ஔவையார் என்றதும் தமிழ் மாணவர் மனக்கண்முன் ஊன்றுகோலுடன் நடக்கும் மூதாட்டியின் உருவம் தோன்றும். ஊர் ஊராகச் சென்று பாடிய அம்மூதாட்டியின் வேடம் சுந்தராம்பாளுக்கு அத்துணை இயல்பாகப் பொருந்தியதன் காரணத்தைத் திறமையில் மட்டும் தேடினால் போதாது. அவருக்கும் நடையே வாழ்வாயிருந்தது.

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துப் பள்ளியில் கற்பிக்கிறோம். இயலுக்கு ஏடு உண்டு. ஏட்டைக் கையில் கொடுத்துவிடலாம். இசையும் நாடகமும் மனித உடலைச் சார்ந்தவை. யாரோ ஒருவர் தம் வீட்டையும் உறக்கத்தையும் கொடுத்துத்தான் அவற்றை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சுமந்து சென்றிருக்கிறார். முத்தமிழ் என்று பெருமை பேசும் மாணவன், அச்சுமையின் கனத்தையும் ஒருமுறையேனும் அறிதல் வேண்டும். அறிந்தபின் அவன் பாட்டைக் கேட்கும் முறையே மாறும்.

கேமரன் மலையில் அதனை விளக்குவது அரிதன்று. அங்கே இன்று கொழுந்தெடுப்போருள் வங்காளதேசத்தார், நேபாளத்தார், இந்தோனேசியர் பலர் உள்ளனர். அவர்களும் முன்பணமும் கடனுமாக ஊரைவிட்டு வந்தவர்களே. மாலையில் மூடுபனி இறங்கும்போது அவர்கள் தங்குமிடங்களில் கைபேசிகளிலிருந்து வெவ்வேறு மொழிப் பாடல்கள் எழுகின்றன. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அப்பாட்டின் சொல் விளங்காமல் இருக்கலாம். அப்பாட்டு ஏன் அங்கே ஒலிக்கிறது என்பது விளங்காமல் போகாது. அவனுடைய பாட்டியும் ஒரு காலத்தில் அதே மலைச்சரிவில், அதே பனியில், தொலைவிலுள்ள ஊரிலிருந்து வந்த ஒரு குரலுக்குச் செவிசாய்த்து நின்றவள்தானே!