உருளும் கல்லும் ஒரு முகமும்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையை நடத்தும் நாள்களில் வகுப்பறை சற்றே உயிர்பெறும். மாதவியின் கூந்தலை ஆட்டிய நீரில் பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருந்தன என்றதும் கடைசி வரிசை மாணவியரும் நிமிர்ந்து அமர்வர். ஒப்பனையைப் பற்றி இத்தனை நுணுக்கமாகப் பாடியவனைப் பல ஆண்டுகளாக வியந்து பேசியிருக்கிறோம். ஆயினும், சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு அஞ்சலில் வந்த ஒரு சிறு பெட்டியிலிருந்து பச்சைக்கல் உருளை ஒன்று வெளிப்பட்டபோது எங்களுக்குள் பிளவு உண்டாயிற்று.

நாங்கள் என்பது அக்காள், தங்கை இருவர். மூத்தவள் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறாள். இளையவள் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர் பார்க்கிறாள். உருளையை வாங்கியவள் இளையவள். ‘இந்த வயதில் இது என்ன ஆசை?’ என்று கேட்டவள் மூத்தவள். மாதவிக்குத் தகும், நமக்குத் தகாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு கைப்பிடி, அதன் ஒரு முனையில் பெரிய கல், மறுமுனையில் கண்ணோரத்துக்கென்று சிறிய கல். அவ்வளவுதான் கருவி. ஜேட் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தார்கள். ஜேட் என்னும் பெயருக்கு உரியவை நெஃப்ரைட், ஜேடைட் என்ற இரண்டு கனிமங்கள் மட்டுமே. மலிவு விலையில் கிடைப்பவற்றுள் பல, பச்சை நிறம் கொண்ட வேறு கற்கள். சீனத்தில் சிங் மரபினரின் அரண்மனைப் பெண்கள் இத்தகைய கல் உருளைகளைப் பயன்படுத்தியிருக்கின்றனர். எங்களுடையது எந்தக் கல்லோ, தொட்டால் குளிர்ந்தது.

கல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தேடிப் படித்தோம். 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலரது கன்னத்தில் ஐந்து நிமிடம் உருளையை உருட்டி, அதன்பின் குறைந்தது பத்து நிமிடம் தோலின் இரத்த ஓட்டம் கூடியிருந்ததைக் கண்டார்கள். பங்கேற்றவர்கள் மிகச் சிலரே. நிணநீரைத் தள்ள இதயம்போல் ஓர் உறுப்பு இல்லை. தசையின் அசைவும் மெல்லிய அழுத்தமும் அதை நகர்த்துகின்றன. ஆகவே இரவெல்லாம் படுத்தெழுந்தபின் கண்ணடியில் தங்கும் வீக்கம் குளிர்ந்த கல் பட்டதும் சிறிது நேரம் வடியும். சுருக்கம் போகும், முகம் இளமையாகும் என்பன பெட்டியின்மேல் மட்டும் உள்ள செய்திகள். இதையெல்லாம் படித்து முடித்தபோது மூத்தவளின் ஏளனம் சற்றே தணிந்திருந்தது.

எங்கள் சச்சரவைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் உருளையைக் கையில் எடுத்து, தறியின் பாகத்தைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் கண்ணு, இத மூஞ்சியில உருட்டுனா என்னாகும்?”

“உக்காருங்கம்மா, உருட்டிக் காட்டறோம்.”

“அட, எனக்கெதுக்கு? உங்களுக்கு உருட்டிக்கோங்க” என்றார். ஆனால் எழுந்து போகவில்லை.

அம்மா 1986இல் காங்கயத்தை அடுத்த ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து எங்களைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவர். முதலில் பனியன் கம்பெனியில் கைமடி. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று தைத்த துணியை வாங்கி, பிரித்து, அடுக்கும் வேலை. பிறகு செக்கிங். டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியை விரித்து, ஊசித்துளையும் எண்ணெய்க் கறையும் தையல் விட்ட இடமும் தேடிக்கொண்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். பன்னிரண்டு மணி நேரம் நின்றால் திருப்பூர்க் கணக்கில் ஒன்றரை ஷிப்ட். ஒன்றரை ஷிப்ட் இல்லாத வாரம் எங்கள் நினைவில் அரிது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் ஆணையால் சாய ஆலைகள் மூடப்பட்டு, துணி வராமல் கம்பெனிகள் திணறிய மாதங்களே அவர் வீட்டிலிருந்த நீண்ட விடுப்பு.

முதல் இரவு, முகத்தைக் கடலைமாவால் கழுவச் செய்தோம். வறண்ட தோலில் கல் உருளக் கூடாது, இழுக்கும். ஆகவே நான்கு சொட்டுத் தேங்காயெண்ணெய். உருளையை மண்பானைத் தண்ணீரில் போட்டு எடுத்தோம். மூக்கோரத்திலிருந்து காதை நோக்கி, தாடையிலிருந்து மேல்நோக்கி, நெற்றியின் நடுவிலிருந்து பக்கவாட்டில், கழுத்தில் மட்டும் கீழ்நோக்கி. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையின் முகம்போல் இருந்தது.

அவருடைய புருவங்களுக்கு நடுவே இரண்டு செங்குத்துக் கோடுகள் உண்டு. கண்ணை இடுக்கிப் பார்க்கும்போதெல்லாம் அங்குள்ள தசை சுருங்கும்; வயதாக ஆகத் தோலின் கொலாஜன் குறைய, சுருக்கம் அப்படியே நின்றுவிடும். மேலே உருளும் கல்லால் அதை எதுவும் செய்ய இயலாது. இது தெரிந்திருந்தும் இளையவள் அந்த இடத்தில் அழுத்தி அழுத்தி உருட்டினாள். ஒரு வாரத்தில் அக்கோடுகளை அழித்துவிடத் துடித்தாள் போலும்.

விளைவு வேறாயிற்று. மூன்றாம் நாள் நெற்றியோரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கன்றல். அம்மா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அத்தகையோருக்குச் சிறு அழுத்தமே கன்றிப்போகப் போதும். “தடவற மாதிரி போதும், தேய்க்க வேண்டாம்” என்றார் மருத்துவர். கல்லின் எடையே போதுமான அழுத்தம் என்பதையும், பருவோ புண்ணோ உள்ள இடத்தைத் தொடக் கூடாது என்பதையும், ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும் என்பதையும் அதன்பிறகே கற்றுக்கொண்டோம்.

பக்கத்து வீட்டம்மா கேட்டார்: “ஏனுங்கக்கா, நெத்தியில என்ன காயம்? புள்ளைங்க அடிச்சுப்போட்டாங்களா?”

“ஆமாங்க, கல்லெடுத்து அடிச்சுப்போட்டாளுக” என்று அம்மா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

கன்றல் ஆறியபின் எங்கள் கை மெதுவாயிற்று. மெதுவான பிறகுதான் முகம் கண்ணில் பட்டது. வலது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. காதோரத்தில் ஒரு மச்சம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எதிரிலேயே இருந்த முகத்தில் எங்களுக்குத் தெரியாத இடங்கள் இருந்தன. நம் வழக்கத்தில் ஒரு முகம் எப்போது தொடப்படுகிறது என்று நினைத்துப் பார்த்தோம். பிறந்ததும் பாட்டி எண்ணெய் தடவி மூக்கை உருவிவிடுவாள். மணநாளுக்கு முன் நலுங்கில் மஞ்சள் பூசுவார்கள். அதன்பின் கடைசிக் குளியலில்தான். நலுங்குக்கும் அதற்கும் இடையில் அம்மாவின் முகத்தை யார் தொட்டார்கள்?

நாங்கள் தொடவில்லை. அதை எழுதத்தான் இதைத் தொடங்கினோம்.

2002இல் மூத்தவளின் முதுகலைப் பட்டமளிப்பு விழா. அம்மா அரைநாள் விடுப்புக் கேட்டு, கம்பெனியிலிருந்து நேரே வந்துவிட்டார். புருவத்திலும் முன்தலைமுடியிலும் வெள்ளைப் பஞ்சு. நாங்கள் இருவரும் அவரை ஓரமாக அழைத்துச் சென்று ஒரு கைக்குட்டையை நீட்டினோம். துடைத்துவிடவில்லை, நீட்டினோம். அவர் குழாயடிக்குப் போய் முகம் கழுவி வருவதற்குள் ஒளிப்படக்காரரிடம் எடுத்துவிடச் சொல்லிவிட்டோம். அந்தப் படம் இன்றும் கூடத்தில் தொங்குகிறது. அதில் நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம்.

இவ்வளவு காலமும் இதைப் பற்றி எங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை. ஓர் இரவு, அம்மாவின் வலது கன்னத்தில் உருளை போய்க்கொண்டிருக்கையில் இளையவள் சொல்லிவிட்டாள். “அன்னிக்கு போட்டோவுல உங்கள நிறுத்தாம விட்டுட்டோம்மா. பஞ்சு இருந்துச்சுன்னு.” உருளை நின்றது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. தெருவில் கடைசி ஷிப்ட் முடித்து வருவோரின் பேச்சொலி கேட்டது.

“எடது பக்கம் இன்னும் உருட்டல கண்ணு” என்றார்.

உருட்டினோம்.

இரண்டு மாதங்களுக்கு முன் உருளையின் அச்சு கழன்று விட்டது. வேறொன்று வாங்குவோம் என்றோம், அம்மா சம்மதிக்கவில்லை. பரணிலிருந்து ஒரு சிறு பித்தளைக் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னார். பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்தில் வாங்கியது; நாங்கள் குழந்தைகளாய் இருந்தபோது எண்ணெய் ஊற்றி வைத்த கிண்ணமாம். வட இந்தியாவில் வெண்கலக் கிண்ணத்தின் அடிப்பாகத்தால் உள்ளங்காலைத் தேய்ப்பார்கள். அதே உலோகத்தில் முகத்துக்கும் கருவி செய்து இப்போது ‘கான்சா’ என்று விற்கிறார்கள். அம்மாவுக்கு அது தெரியாது. கிண்ணத்தைப் புளிபோட்டுத் தேய்த்து, பானைத் தண்ணீரில் முக்கி எடுத்தார்.

அன்று முறை மாறியது. மூத்தவளை முன்னால் உட்காரவைத்து, கிண்ணத்தின் அடிப்பாகத்தால் அவளுடைய நெற்றியைத் தடவினார். விடைத்தாள் திருத்தித் திருத்தி அங்கும் இரண்டு கோடுகள் விழத் தொடங்கியிருக்கின்றன. அம்மா அவற்றைச் சற்று நேரம் பார்த்தார். துணியில் குறை தேடும் அதே இடுக்கிய கண்களுடன்.

“இது போகாது. இருந்துட்டுப் போகுது” என்று சொல்லிவிட்டு, மூக்கை ஒருமுறை உருவிவிட்டார்.