மூக்கொழுகும் பத்து நாட்கள்

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அவர்களுக்கு முதலில் வந்தது சளியும் இருமலும் காய்ச்சலும்தான். அதற்காகக் கொடுத்த சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் இருந்தது. மருந்தில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அக்டோபர் 3 அன்று மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்து எழுதக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குள் பொதுவாகவே அவை வேண்டியதில்லை என்றும் அறிவுறுத்தியது. இது புதுக் கருத்து இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு வயதுக்குள் கொடுக்காதீர்கள் என்று 2008-லேயே சொல்லிவிட்டது. இங்கேயும், கடைகளில் அதிகம் விற்கிற குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. அத்தனை பிஞ்சு உயிர்கள் போன பிறகுதான் அந்த எச்சரிக்கை வீடுகளின் காதில் விழுந்திருக்கிறது.

பயந்துபோன பெற்றோர் சிரப்பை ஒதுக்கிவிட்டு அடுப்பங்கரைப் பக்கம் திரும்புகிறார்கள். திரும்புவது நல்லதே. ஆனால் கூடவே ஒரு நம்பிக்கையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது: கடையில் வாங்கினால் மருந்து, வீட்டில் செய்தால் மருந்து இல்லை, அதனால் கெடுதலும் இல்லை என்று. இதை நான் ஏற்கவில்லை. பிள்ளையின் உடம்புக்குள் போகிற எதையும், அது அஞ்சறைப்பெட்டியிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும், ஒரே கேள்விகளால்தான் சோதிக்க வேண்டும். இது கெடுதல் செய்யுமா? செய்யாது என்றால், பிள்ளைக்குக் கொஞ்சமாவது இதமாக இருக்குமா? சளியைக் குணப்படுத்துமா என்ற கேள்வியை நான் சேர்க்கவில்லை. அதைச் செய்யக்கூடியது இன்றுவரை எந்தக் கடையிலும் எந்த அடுப்பங்கரையிலும் கிடையாது.

சளி பிடிக்க வைக்கிற வைரஸ்கள் இருநூறுக்கும் மேல். ரைனோவைரஸ் ஒன்றிலேயே 160-க்கும் அதிகமான வகைகள். ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் அடுத்தது காத்திருக்கும். அதனால்தான் சிறு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு என்கிறார்கள். பால்வாடிக்குப் போகத் தொடங்கிய ஆண்டில் இன்னும் கூடலாம். ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருக்கும் என்பதில்தான் பெற்றோரின் கணக்குத் தப்புகிறது. மூன்று நாளில் போய்விட வேண்டும், ஐந்தாம் நாளும் இருந்தால் ஏதோ கோளாறு என்று நினைக்கிறோம். பிள்ளைகளின் சளி, இருமல் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குச் சளி தீர 15 நாள் வரை ஆகிறது, இருமல் தீர 25 நாள் வரை ஆகிறது என்பது அதன் முடிவு. மூக்கொழுகல் பெரும்பாலும் பத்து நாளில் அடங்கும், இருமல் இழுத்துக்கொண்டுதான் போகும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதும் வழக்கமான போக்கில் ஒரு கட்டம். கிருமியோடு போராடுகிற வெள்ளையணுக்களின் நிறம் அது. அதைக் கண்டதும் ஆன்டிபயாட்டிக் கேட்க வேண்டியதில்லை, வைரஸிடம் அது செல்லாது.

தானே சரியாகிற நோய்க்கு ஒரு குணம் உண்டு. கடைசியாக எதைக் கொடுத்தோமோ அதற்கு நல்ல பெயர் போய்ச் சேரும். ஆறாம் நாள் கொடுத்த தூதுவளைக் கஷாயமும் சரி, ஆறாம் நாள் கொடுத்த விலையுயர்ந்த சிரப்பும் சரி, எட்டாம் நாள் பிள்ளை விளையாடத் தொடங்கியதும் கைராசி மருந்தாகிவிடும். அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில் இருமுகிற சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் கற்றாழை போன்ற ஒரு செடியின் இனிப்புப் பாகைக் கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத இனிப்பு நீர், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பெற்றோர் சொன்னபடி, ஏதாவது ஒன்று வாங்கிய இரு பகுதியினருக்கும் இரவு இருமல் குறைந்திருந்தது. ஒன்றும் வாங்காதவர்களின் பெற்றோர் அவ்வளவு முன்னேற்றம் சொல்லவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்கிற பெற்றோரின் தவிப்பு உண்மையானது என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தவிப்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஆபத்தில்லாத வடிகால் ஒன்றைக் காட்டினால் போதும்.

ஆபத்தானவை நம் வீடுகளில் இருக்கின்றன என்பதை மறைக்காமல் பேச வேண்டும். குளிப்பாட்டும்போது கைக்குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது பல ஊர்களில் வழக்கம். எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் வருகிற ஒருவகை நிமோனியாவைத் தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் பலமுறை பதிவுசெய்திருக்கிறார்கள். சளியை எடுக்கிறேன் என்று மூக்கில் வாய்வைத்து ஊதுவது, ஊதுகிறவரின் வாயிலுள்ள கிருமியைப் பிள்ளைக்குக் கொடுப்பதில் முடியும். சாம்பிராணிப் புகை ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழலை இன்னும் எரிச்சலாக்கும். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவது இவற்றில் எல்லாம் அதிகப் பாசத்தோடு செய்யப்படுவது, அதனால் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், சிறிதளவு விழுங்கினாலே வலிப்பைக் கொண்டுவரும். கடையில் விற்கும் தைலங்களிலும் கற்பூரம் உண்டு, இரண்டு வயதுக்குள் தடவ வேண்டாம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். அவற்றிலுள்ள மென்தால் குளிர்ச்சியை உணர்கிற நரம்பைத் தட்டிவிடுவதால் மூக்கு திறந்தது போலத் தோன்றும். அளந்து பார்த்தால் காற்றுப்போக்கு கூடியிருக்காது.

ஆவி பிடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அந்த அளவுக்கு அது வேரூன்றியிருக்கிறது. நொச்சி இலையும் மஞ்சளும் போட்டுக் கொதித்த தண்ணீர், அதைச் சுற்றிப் போர்வை, உள்ளே தலையை அசைத்துக்கொண்டு வெளியே வரத் துடிக்கும் மூன்று வயதுப் பிள்ளை. பாத்திரம் கவிழ ஒரு கணம் போதும். கவிழ்ந்தால் வயிறும் தொடையும் வெந்துபோகும், தழும்பு வாழ்நாள் முழுக்க இருக்கும். இதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்று பார்த்தால், சூடான ஈரக்காற்று பற்றிய சோதனைகளைத் தொகுத்து அலசிய, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, சளிக்கு நிலையான பலன் இருப்பதாக உறுதிசெய்ய முடியவில்லை என்றே முடித்தது. பெரியவர்கள் தங்களுக்கு இதமாக இருந்தால் பிடித்துக்கொள்ளட்டும். சின்னப் பிள்ளைக்கு வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததுதானே, எங்களை வளர்த்த பாட்டிகள் முட்டாள்களா என்று கேட்பார்கள். இல்லை. அவர்கள் கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள். பெற்றதில் இரண்டு மூன்றைப் பறிகொடுப்பது சாதாரணமாக இருந்த காலம் அது. பிழைத்தவர்கள்தான் இன்று சாட்சி சொல்ல இருக்கிறோம். அவர்கள் செய்ததையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கியெறியச் சொல்லவும் மாட்டேன். சளி பிடித்தவனுக்குச் சூடாக மிளகு ரசம் கொடுத்தார்கள். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் பெரியவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பழச்சாற்றை ஆறவைத்துக் கொடுத்தபோது மூக்கொழுகலும் இருமலும் தும்மலும் தணிந்தன. சூடாகக் கொடுத்தபோது தொண்டை வலியும் குளிர் நடுக்கமும் அசதியும்கூடக் குறைந்தன. மூக்கின் காற்றுப்போக்கு மாறவில்லை, ஆனால் ஆளுக்கு இதமாக இருந்தது. ரசத்தையும் சுக்குத் தண்ணீரையும் இந்தக் கணக்கில் தாராளமாகச் சேர்க்கலாம், காரம் பிள்ளையின் வாய்க்குத் தகுந்தபடி இருந்தால் சரி. மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு தூங்க வைத்தார்கள், அதுவும் சரி. வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்தியது மட்டும் தேவையற்றது. சளி வைரஸ் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் வருகிறது, பிள்ளை விரும்பிச் சாப்பிடுவதைச் சாப்பிடட்டும்.

ஆய்வுகளில் தேன் நன்றாகவே தேறியிருக்கிறது. இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 300 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. தூங்கப்போகும் முன் 10 கிராம் தேன் சாப்பிட்டவர்களுக்கு, பேரீச்சம்பழப் பாகு சாப்பிட்டவர்களைவிட இரவு இருமல் நன்றாகக் குறைந்தது. அந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தவர்களில் தேன் வாரியமும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், மருந்துக் கம்பெனியின் ஆய்வு என்றால் நாம் அதைக் கேட்காமல் விடமாட்டோமே. இருந்தாலும் ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குக் கெடுதல் இல்லாதது, இருமலுக்கு இதமானது என்ற இரண்டிலும் தேன் தேறிவிடுகிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு சொட்டும் கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். அவை முதிராத குடலில் முளைத்து, தசைகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது.

கைக்குழந்தைக்கு என்னதான் செய்வது என்றால், உப்புத் தண்ணீர். இதைவிட எளிமையானது வேறு இல்லை, நம் வீடுகளில் இதைவிடக் குறைவாகப் பயன்படுவதும் வேறு இல்லை. முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் மார்பைப் பிடித்து இரண்டு முறை உறிஞ்சும், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழும், மறுபடி பிடிக்கும். பசியும் களைப்புமாக அது படும் பாட்டுக்குக் காரணம் மூக்கில் இருக்கும் கொஞ்சம் கெட்டிச் சளி. கொதித்து ஆறிய 240 மில்லி தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்துக்கொள்ளலாம், அன்றன்றைக்குப் புதிதாக. அல்லது மெடிக்கல் ஷாப்பில் மருந்து எதுவும் கலக்காத சலைன் சொட்டு என்று கேட்டு வாங்கலாம், விலை குறைவுதான். பிள்ளையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்தால் சளி இளகும். தும்மும், வழியும், மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுப் பால் கொடுத்தால் குடிக்கும். பாலூட்டுவதற்கு முன்பும் தூங்க வைக்கும் முன்பும் செய்தால் நல்லது. ஸ்காட்லாந்தில் ஆறு வயது வரையிலான 407 பிள்ளைகளைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2024-இல் வந்தன. சற்றுக் கூடுதல் உப்புள்ள சொட்டை நாளுக்குக் குறைந்தது நான்கு தடவை விட்ட பிள்ளைகளுக்குச் சளி சராசரியாக 6 நாள் இருந்தது, விடாதவர்களுக்கு 8 நாள். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு என்பதால் அந்த இரண்டு நாள் வித்தியாசத்தை நான் பெரிதாகப் பிடித்துக்கொள்ளவில்லை. பிள்ளை பால் குடிக்கிறதே, அது போதும்.

இப்படிச் சும்மா விட்டால் நிமோனியாவில் கொண்டுபோய் விடாதா என்ற பயத்துக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிமோனியா இந்நாட்டில் இன்றும் பிள்ளைகளைக் கொல்கிறது. சளி சிரப்போ கஷாயமோ அதைத் தடுப்பதில்லை. தடுக்கிறவை தாய்ப்பாலும் தடுப்பூசியும். ஹிப் கிருமிக்கு எதிரான ஊசி அடங்கிய ஐந்துநோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. நியுமோகாக்கஸ் ஊசியும் இப்போது அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதற்கும் மீறி வந்தால் அடையாளம் காட்டுவது மூச்சு. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது, அல்லது தூங்கும்போது, சட்டையை உயர்த்தி வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படியே. மற்றப் பிள்ளை காய்ச்சலில் வாடினால் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை, அது காய்ச்சலுக்கு, சளிக்கு இல்லை.

மனசாட்சியோடு பதில் சொல்ல வேண்டிய மறுப்பு வேறொன்று இருக்கிறது. பத்து நாள் பொறுத்திருங்கள், மூச்சை எண்ணுங்கள், நாளுக்கு நாலு தடவை சொட்டு விடுங்கள் என்பதெல்லாம் வீட்டில் ஆள் இருப்பவர்களுக்கு. தினக்கூலிக்குப் போகிற தாய்க்கு இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் வேலை கெடும். சிரப் கொடுத்தால் பிள்ளை தூங்குகிறது, அவளும் தூங்குகிறாள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அந்தத் தூக்கம் குணமானதால் வருவதில்லை, குளோர்பெனிரமின் போன்ற மருந்துகளின் மயக்கத்தால் வருவது. மயக்கத்தில் கிடக்கிற பிள்ளை பால் குறைவாகக் குடிக்கும். நிஜமாகவே நோய் முற்றித் துவண்டிருந்தாலும் மருந்துத் தூக்கம் என்றே நினைக்கத் தோன்றும். எச்சரிக்கை மணியை மருந்தே அமுக்கிவிடுகிறது. அவளுக்கு வேண்டியது தன் கண்ணால் பார்த்து, இது சாதாரணச் சளிதான், இன்றைக்கு வேலைக்குப் போகலாம் என்றோ, இல்லை, இன்று ஆஸ்பத்திரி என்றோ முடிவெடுக்கிற திறமை. அதைச் சொல்லிக்கொடுக்க நம்மிடம் ஏற்கெனவே இடமும் நேரமும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தாய்மார்கள் துணை சுகாதார நிலையத்துக்குக் குழந்தையோடு வருகிறார்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்கிறார்கள். அந்த அரை மணியில் கிராம சுகாதார செவிலியர் உப்புத் தண்ணீர்ச் சொட்டு விடுவதைச் செய்து காட்டலாம். கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாயும் தன் குழந்தையின் மூச்சை எண்ணிச் சொல்லலாம், தவறினால் அங்கேயே திருத்தலாம், அடுத்த ஊசிக்கு வரும்போது மறுபடியும் எண்ணச் சொல்லலாம்.