கட்டைவிரலின் கணக்கு

ஆர்க்டிக் களப்பணிக்குத் தேர்வான இளம் ஆய்வாளர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் உடையைப் பற்றியவை. எத்தனை அடுக்கு அணிவது, காலணியை எந்த அளவில் வாங்குவது, மூக்குக்கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்பார்கள். கட்டைவிரலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. ஸ்வால்பார்டில் முதன்முறையாக ஒரு முழு நாள் ஸ்னோமொபைல் ஓட்டிவிட்டுக் குடிலுக்குத் திரும்பியவரிடம் தேநீர்க் கோப்பையை நீட்டிப் பாருங்கள். இடது கையால் வாங்கிக்கொள்வார். நம் நாட்டின் ஹிமாத்ரி நிலையம் அங்குள்ள நீ-ஓலெசுண்டில் 2008 முதல் இயங்கிவருகிறது. 2023 டிசம்பரில் குளிர்காலப் பயணங்களும் தொடங்கிவிட்டன. பனியின்மேல் வண்டியோட்ட வேண்டிய மாணவர்கள் இனி கூடவே செய்வார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாக எழுதிவைக்கிறேன்.

நம் ஊர் இருசக்கர வண்டியில் வலது கைப்பிடியை முறுக்கினால் வேகம் கூடும். ஸ்னோமொபைலில் முறுக்குவதற்கு ஒன்றுமில்லை. வலது கைப்பிடியை ஒட்டி, ஓட்டுபவரின் பக்கமாக, ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதுதான் ஆக்சிலரேட்டர். வண்டி ஓடும் நேரமெல்லாம் கட்டைவிரலால் அதை முன்னோக்கி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் சுருள்வில் அதைத் திருப்பித் தள்ளிவிடும், வேகம் தணியும். இப்படி அமைத்ததற்குக் காரணமுண்டு. பனிமேட்டில் ஏறி வண்டி துள்ளும்போது ஓட்டுபவரின் உடல் பின்னால் சாய்கிறது. முறுக்கும் கைப்பிடியாக இருந்தால் அந்தச் சாய்வே வேகத்தைக் கூட்டிவிடக்கூடும். நெம்புகோலில் அந்த ஆபத்து குறைவு. பிடி நழுவினால் வண்டி மெதுவாகும். ஆகையால், வலிக்கிறது என்று அந்த வில்லைத் தளர்த்துவதோ, நெம்புகோலைக் கயிறு போட்டுக் கட்டுவதோ கூடவே கூடாது. அனுபவசாலிகள் என்று பெயரெடுத்த சிலர் இந்த யோசனையைச் சொல்வதுண்டு. காதில் வாங்க வேண்டாம்.

பாதுகாப்பான இந்த ஏற்பாட்டின் முழுச் சுமையும் ஒற்றை விரலின்மேல் விழுகிறது. கட்டைவிரல் வலிமையானதுதான், ஆனால் அதன் வலிமை குறுகிய நேரப் பணிகளுக்கானது. கூனி, சாவோ என்னும் இரு ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்ட கணக்கு புகழ்பெற்றது. கட்டைவிரல் நுனியால் 1 கிலோ விசையோடு ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால், மணிக்கட்டை ஒட்டிய அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுகிறது. நெம்புகோலை அழுத்துவது கிள்ளுவதற்கு மிக நெருங்கிய செயல். அதை மணிக்கணக்கில், விரலை அசைக்காமல் செய்கிறோம்.

அசைக்காமல் என்பதுதான் இங்கு முக்கியம். சுருங்கி விரியும் தசைக்குள் குருதி ஓடும். சுருங்கியே நிற்கும் தசைக்குள் அது தடைப்படும். ஒரு தசை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது, அது தன் உச்ச வலிமையில் எத்தனை விழுக்காட்டைச் செலவிடுகிறது என்பதைப் பொறுத்தது. 1960-இல் இதை வளைகோடாக வரைந்து காட்டிய வால்டர் ரோமெர்ட், 15 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நெடுநேரம் தாங்கலாம் என்று கருதினார். பின்வந்தவர்கள் அந்த எல்லையையும் தாழ்த்தியே மதிப்பிட்டார்கள். எனவே இதை ஒரு பின்னமாகப் பார்ப்பது நல்லது. தொகுதியில் வில்லின் விசை. பகுதியில் நம் கட்டைவிரலுக்கு அந்த நேரத்தில் உள்ள வலிமை. குளிர் அந்த வலிமையைக் குறைக்கிறது. தடித்த கையுறை மேலும் குறைக்கிறது. களைப்பும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. காலையில் இலகுவாக இருந்த நெம்புகோல் மாலையில் இறுகிவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான். வில் காலையில் இருந்தபடியேதான் இருக்கிறது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. வில்லின் விசை எல்லோருக்கும் ஒன்று; கைகள் ஒன்றல்ல. சிறிய கை உடையவருக்கு, பெண் ஆய்வாளர்கள் பலருக்கு, அதே நெம்புகோல் உச்ச வலிமையில் பெரிய பங்கைக் கேட்கிறது. போதாததற்கு எட்டிப் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. ‘இரண்டு நாளில் பழகிவிடும்’ என்று ஆறுதல் சொல்பவர்களின் கைகளைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் பெரிய கைகள்.

பின்னத்தைச் சிறிதாக்க என்ன செய்யலாம்? தொகுதியிலிருந்து தொடங்குவோம். வில்லைத் தொடக்கூடாது, ஆனால் கேபிளில் உராய்வு இருந்தால் அதையும் சேர்த்தே நாம் அழுத்துகிறோம். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இது அதிகம். கேபிள் மடங்கியிருக்கிறதா, ஈரம் புகுந்து உறைந்திருக்கிறதா என்று வண்டிப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். அடுத்தது, விரல் எங்கே படுகிறது என்பது. நெம்புகோலின் அச்சுக்கு அருகில் அழுத்தினால் அதிக விசை வேண்டும். அதன் வெளிமுனையில் அழுத்தினால் குறைந்த விசை போதும். விரலில் இதற்கு நேர்மாறு: நுனியால் அழுத்தும்போது அடிமூட்டுக்குச் சுமை கூடும், நடுக்கணுவை ஒட்டிய பகுதியால் அழுத்தினால் குறையும். நெம்புகோலின் முனையும் விரலின் நடுவும் சந்திக்கும்படி கையை வைத்துக்கொள்வதே நன்று. சமவெளியில் சீராகச் செல்லும்போது இடையிடையே உள்ளங்கையின் அடிமேட்டால் அழுத்தி விரலுக்கு ஓய்வு கொடுக்கலாம். மேடுபள்ளத்தில் இதை முயலக் கூடாது.

மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. ஹேண்டில்பார் தாழ்ந்திருந்தாலோ, நெம்புகோல் தவறான கோணத்தில் இருந்தாலோ, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்த நிலையில் கட்டைவிரல் அழுத்த வேண்டியிருக்கும். கட்டைவிரலின் தசைநாண்கள் இரண்டு மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைவழியே செல்கின்றன. அந்தச் சாய்வில் அவை உரசி வீங்கும். இந்த நோயை 1895-இல் விவரித்தவர் சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வைன். அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறோம். அவருடைய தம்பி ஆல்ஃபிரட் 1912-இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்காகக் கடந்தவர் என்பது எனக்குப் பிடித்த தற்செயல். தம்பி நாய்வண்டிகளில் சென்றார். அண்ணன் பெயர் கொண்ட நோய்க்கு அவ்வண்டிகள் பெரிதாக இடம் தந்திருக்காது.

பகுதியைப் பெரிதாக்குவது என்றால் கையைச் சூடாக வைத்திருப்பது. பெரும்பாலான வண்டிகளில் கைப்பிடிக்குள்ளும் நெம்புகோலிலும் சூடேற்றும் மின்கம்பிகள் உண்டு. சிலவற்றில் இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்சு இருப்பதால் இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. முழுச் சூட்டில் வைத்தால் உள்ளங்கை வியர்த்து, கையுறை நனைந்து, வண்டியை நிறுத்தியதும் விரல்கள் முன்னைவிட வேகமாகக் குளிரும். மிதமான சூடு போதும். மிகத் தடித்த கையுறை அந்தச் சூட்டையும் தடுக்கும், பிடியின் வலிமையையும் தின்னும். தில்லியிலும் பஞ்சாபிலும் குளிர்காலத்தில் பைக் ஓட்டுபவர்கள் ஹேண்டிலில் மாட்டியிருக்கும் பெரிய உறைகளைப் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாடு ஸ்னோமொபைலுக்கும் உண்டு. காற்றை அந்த உறை தடுத்துவிட்டால், உள்ளே சற்று மெல்லிய கையுறையோடு ஓட்டலாம். அதைவிட முக்கியமானது வயிறும் மார்பும். உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால் குருதி முதலில் கைவிடுவது விரல்களைத்தான். சாப்பிடாமல் புறப்படுபவருக்கு எந்தக் கையுறையும் உதவாது.

பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதியவர்கள் அச்சத்தில் ஹேண்டில்பாரை நெரித்துப் பிடிப்பார்கள். உடலைத் தாங்குவது கால்களின் வேலை. திருப்பங்களில் எடையை மாற்றுவது இடுப்பின் வேலை. கைகளுக்கு வழிகாட்டும் வேலை மட்டுமே இருக்க வேண்டும். முழங்கைகள் தளர்ந்திருந்தால் மேட்டின் அதிர்ச்சி தோளுக்குள் கரைந்துவிடும். நான் அரை மணிக்கொரு முறை நிறுத்தச் சொல்வேன். இறங்கி, கையைத் தோளிலிருந்து வட்டமாகச் சுழற்றினால் குருதி விரல் நுனிவரை செல்லும். பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அதிர்வு தனிக் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். 1918-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் காற்றுச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை ஆலிஸ் ஹாமில்டன் பதிவுசெய்தார். ஸ்னோமொபைலை நாள்தோறும் ஓட்டும் துருவக் கலைமான் மேய்ப்பர்களின் கைகளைப் பின்லாந்து ஆய்வாளர்கள் பின்னாளில் ஆராய்ந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட கை அதிர்வு, விநாடி வர்க்கத்திற்கு 2.5 மீட்டரைத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது என்றும் கூறுகிறது. மூன்று வாரக் களப்பணிக்குச் செல்பவருக்கு மேய்ப்பரின் ஆபத்து இல்லை. ஆனால் முன்பே குளிரில் விரல் வெளுப்பவர்கள் அதை மருத்துவரிடம் புறப்படுமுன் சொல்லியாக வேண்டும்.

இதை வசதி சார்ந்த சிறு விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஸ்வால்பார்டில் குடியிருப்பு எல்லையைத் தாண்டினால் பனிக்கரடியை விரட்டும் சாதனம் உடன் இருக்க வேண்டும். ஒளிக்குண்டுத் துப்பாக்கிகள் பலவற்றில் சுத்தியலைப் பின்னால் இழுப்பது கட்டைவிரல்தான். நாள் முழுதும் நெம்புகோலை அழுத்தி மரத்த விரலால் அதை இழுத்துப் பார்த்தவர்கள் இந்தப் பதிவை நீளம் என்று சொல்ல மாட்டார்கள். கயிற்று முடிச்சு, மாதிரிக் குப்பியின் மூடி, ஜிபிஎஸ் பொத்தான் எல்லாமே அந்த விரலைத்தான் நம்பியிருக்கின்றன.

ஆயினும் மாணவர்கள் வலியைச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பயணப் பட்டியலில் பெயர் இருக்காது என்ற அச்சம். ஆய்வு வழிகாட்டி எவராவது இதைப் படித்தால், தயவுசெய்து மாலையில் நீங்களே கேளுங்கள்: விரல் வலிக்கிறதா, மரத்திருக்கிறதா என்று. வலி வேறு, மரத்துப்போதல் வேறு. வலி ஓய்வில் தணியும். உணர்வு திரும்பாத விரலோடு மறுநாள் எவரையும் வண்டியில் ஏற்றக் கூடாது. அன்று பின்னிருக்கையில் அமர்த்துங்கள், அல்லது குடிலில் தரவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை, எஞ்சின் ஓடாத வண்டியில் முழு உடையும் கையுறையும் அணிந்து அமருங்கள். பிறகு எழுந்து நில்லுங்கள். இரண்டு நிலையிலும் மணிக்கட்டு நேராக இருக்கும்படி ஹேண்டில்பாரையும் நெம்புகோலின் கோணத்தையும் மாற்றித் தரும்படி பொறுப்பாளரிடம் கேளுங்கள். சில திருகுகளைத் தளர்த்தி இறுக்கும் வேலைதான். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இறுக்கியபின் ஹேண்டில்பாரை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்பி, ஒவ்வொரு முறையும் நெம்புகோலை முழுவதும் அழுத்தி விட்டுப்பாருங்கள். கேபிள் எங்கும் இழுபடாமல், நெம்புகோல் தானாகவே முழுதும் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.