சேர்க்கை சரி, பதிவு?

'வெளிநாட்டு மாணவர் சேர்க்கை' என்றதும் நம் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் வரும். கையில் பாஸ்போர்ட், தோளில் பை, ஏர்போர்ட் வாசலில் அழும் அம்மா. சட்டம் படிக்க லண்டன் போகும் பையனாக இருக்கலாம், பெங்களூருக்கு வரும் நேபாளத்துப் பெண்ணாக இருக்கலாம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று ஒரு சதவீதம் வெளியாகும். எல்லோரும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

முதலில் நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். மொத்த மாணவர்கள் சுமார் 4.33 கோடி. வகுத்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு ஒருவர்! அதிகம் பேர் நேபாளத்திலிருந்து வந்தவர்கள், 28 சதவீதம். அதற்குப் பிறகு ஆப்கானிஸ்தான், அமெரிக்கா, வங்கதேசம், ஐக்கிய அரபு அமீரகம், பூட்டான். முதல் ஆறு இடங்களில் இலங்கை இல்லை.

இந்த எண்ணிக்கையைக் கூட்ட 2022-ல் யுஜிசி ஒரு வழி சொன்னது. வெளிநாட்டு மாணவர்களுக்கு 25 சதவீதம் வரை கூடுதல் இடங்களை உருவாக்கிக்கொள்ளலாம். உள்ளூர் மாணவர்களின் இடத்தில் கை வைக்க வேண்டாம். தொழிற்படிப்புகள் என்றால் அந்தந்த ஒழுங்குமுறை அமைப்பின் விதிப்படி நடக்கும். சட்டப் படிப்புக்கு அது இந்திய பார் கவுன்சில்.

நல்ல திட்டம்தான். ஆனால் இதற்குள் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது: வெளிநாட்டு மாணவர் என்றால் வருவார், படிப்பார், ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார்.

திரும்பிப் போக ஊர் இல்லாதவர் என்றால்?

மணப்பாட்டுக் கடற்கரையில் நின்றால் இந்தக் கேள்வி கொஞ்சம் நன்றாகவே புரியும். மணல்மேட்டின் உச்சியில் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், எதிரே கடல், அதற்கு அந்தப் பக்கம் இலங்கை. ஊருக்குள் இருக்கும் பெரிய பெரிய பழைய வீடுகள் பல, கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்த காசில் எழுந்தவை. இந்தக் கரைக்காரர்களுக்கு அக்கரை ரொம்ப காலம் 'வெளிநாடு' இல்லை, கடை இருக்கும் ஊர், அவ்வளவுதான். 1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் யார் உள்ளூர், யார் வெளியூர் என்பது காகிதத்தில் முடிவாகத் தொடங்கியது.

1983-க்குப் பிறகு ஆட்கள் எதிர்த்திசையில் வந்தார்கள். வியாபாரத்துக்கு இல்லை, உயிர் பிழைக்க. 2021-ல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி, நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர், முகாம்களுக்கு வெளியே சுமார் 34,000 பேர். அந்த வருடம்தான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. தூத்துக்குடி மாவட்டத்திலேயே மாப்பிள்ளையூரணி, தாப்பாத்தி, குளத்துள்வாய்பட்டியில் முகாம்கள் உண்டு. மணப்பாட்டிலிருந்து மாப்பிள்ளையூரணி சுமார் 60 கிலோமீட்டர்தான்.

இப்போது அப்படி ஒரு முகாமில் ஒரு பெண் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்தது இங்கே. படித்தது இங்கே உள்ள அரசுப் பள்ளியில். பேசுவது நம் தமிழ். அவளைப் பொறுத்தவரை இலங்கை என்பது பாட்டி சொல்லும் கதை. ஆனால் 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவர்கள் பிறப்பால் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஆக, பிறந்த மண்ணிலேயே அவள் வெளிநாட்டவர்.

பிளஸ் டூ முடித்து, சட்டக் கல்லூரியில் இடமும் கிடைத்து, ஐந்து வருடம் படித்துப் பட்டமும் வாங்கிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். சேர்க்கைப் புள்ளிவிவரத்தில் அவள் ஒரு வெற்றி. அடுத்து வக்கீலாகப் பதிவு செய்ய தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் போகிறாள்.

அங்கேதான் இருக்கிறது 1961-ம் வருடத்து வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-வது பிரிவு. பதிவுக்கான தகுதிகளில் முதலாவது, இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது. விதிவிலக்கு ஒன்றும் உண்டு: எந்த நாட்டில் தகுதியுள்ள இந்தியர்கள் வக்கீல் தொழில் செய்யலாமோ, அந்த நாட்டவரை இங்கே பதிவு செய்யலாம். கவனித்தீர்களா? எந்த நாட்டிலிருந்து அவள் அப்பா அம்மா தப்பி வந்தார்களோ, அந்த நாடு இந்தியர்களை எப்படி நடத்துகிறது என்பதைப் பொறுத்து அவள் கறுப்பு அங்கி போடலாமா கூடாதா என்பது முடிவாகும்!

நீதிமன்றம் நாட்டின் முக்கியமான அங்கம், அதில் வாதாடுபவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற வாதத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. மற்ற நாடுகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தன. ஆனால் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நெதர்லாந்து நாட்டுப் பெண் ஒருவர் வழக்குப் போட, 1973-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் குடியுரிமை நிபந்தனையை ரத்து செய்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1989-ல் அதையே செய்தது. அந்தக் கனடாவுக்கு அகதியாகப் போன ஈழத்தமிழரின் பிள்ளைகளுக்கு இந்தச் சுவர் இல்லை. 2014-ல் கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், முறையான குடியேற்ற ஆவணமே இல்லாத செர்ஜியோ கார்சியா என்பவரை வழக்கறிஞராக ஏற்றுக்கொண்டது.

இங்கே என்ன நடந்தது? 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகள் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, ஆவணம் இல்லை என்பதற்காகக் குடியேற்றச் சட்டத்தின் தண்டனைகள் பாயாது. நிம்மதிதான். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, குடியுரிமை வேறு. 24-வது பிரிவு கேட்பது இரண்டாவதை.

பட்டத்தை வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம். ஆனால் ஒரு முகாமிலிருந்து ஒரு பெண் சட்டம் படிக்க ஆசைப்படுவது ஏன் என்று யோசித்தால் பதில் தெரியும். தன் தெருவில் உள்ளவர்களின் மனுவை எடுத்துக்கொண்டு தானே கோர்ட்டில் நிற்க வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை இருக்கும். அந்த ஒன்றுதான் முடியாது.

கணக்குப் படித்தவர்களுக்கு இது புரியும். கம்பெனி எவ்வளவு விற்றது என்று மட்டும் பார்த்து யாரும் லாபம் சொல்வதில்லை. பணம் வசூலானதா என்று பார்ப்பார்கள். சேர்க்கைச் சதவீதம் வெறும் விற்பனைக் கணக்கு. வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற பட்டியலுக்குப் பக்கத்தில், அவர்களில் எத்தனை பேர் தொழில் செய்ய முடிந்தது என்று இன்னொரு பத்தி வேண்டும்.

அந்தப் பத்தியில் மாப்பிள்ளையூரணிப் பெண்ணுக்கு நேராக என்ன எழுதுவது என்பதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும்.